டப்பாவை மட்டும் மாற்றாதவள்

பூமி சுற்றுவதை ஒரு நாள் நிறுத்தியே ஆக வேண்டும் என்று வந்தால், விஞ்ஞானிகள் எல்லாம் கூடிப் பேசி, காப்பி குடித்து, ஒருவரை ஒருவர் முறைத்துவிட்டு, கடைசியில் என் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள். சித்தியும் போவாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூமியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். "இதுக்கு பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?" என்பாள். யாருக்கும் தெரியாது. "அப்ப பழசு முழுக்க வெளிய வர்ற வரைக்கும் அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே படுத்துவிடுவாள். பூமி காத்திருக்கும். காத்திருந்துதான் ஆக வேண்டும்.

இதை மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கட்டும். அவர்கள் வண்டி மட்டும் எப்படி நிற்கிறதாம்?

சித்திக்கு வயது நாற்பத்து மூன்று. எட்டுக் கார்களை ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்தும் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக பிரேக் வேலை மட்டும் பார்க்கிறாள். முதலில் அங்கே கார் கழுவத்தான் போனாளாம். என்ஜின் வேலை கற்றுக்கொள்ள ஆண்கள் வரிசையில் நின்றார்கள். பிரேக் பக்கம் ஈ கூட வரவில்லை. "ஓட வைக்கிறவனுக்குத்தான் பேரு. நிறுத்துறவளை யாரு கேக்கறா?" என்பாள். கேட்காத இடத்தில் போய் நின்றுகொள்வது அவள் வழக்கம். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் ஒரே பதில்தான்: "நல்ல பிரேக்கு. சட்டுனு புடிச்சிருச்சு."

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா வேறு ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். "ரெண்டே மாசம், பாத்துக்கோ" என்று என்னைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாள். அந்த இரண்டு மாதத்துக்கு இப்போது எட்டு வயதாகிறது.

சித்தி திட்ட மாட்டாள். அதுதான் அவளிடம் உள்ள பெரிய கொடுமை. நான் ஒரு பொய் சொன்னால், பிரேக் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சோதிக்கிற மாதிரி, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நல்ல பெடல் அப்படியே நிற்குமாம். எங்காவது ஒழுகினால் மெல்ல மெல்ல இறங்குமாம். நான் எப்போதும் இறங்கியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பில் நான் செய்த காரியம் ஊருக்கே தெரியும். தலைமை ஆசிரியையின் குரலில் பதினெட்டு வீடுகளுக்குப் போன் செய்து, நாளைக்கு விடுமுறை என்று சொன்னேன். பதினெட்டு வீடு நூற்றெண்பது வீட்டுக்குச் சொன்னது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். அதன் பிறகு பள்ளிக்கூடம் எனக்கு நிரந்தர விடுமுறை கொடுத்தது. அந்தச் செய்தியோடு மாடிப்படியில் இறங்கி ஓடி வரும்போது விழுந்து முன்பல் பாதி உடைந்தது. பல் டாக்டர் ஒருவர் அதைக் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வேகமாகப் பேசினால் 'ஸ்' வருகிற இடத்தில் எல்லாம் ஒரு சின்ன விசில் வரும். சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இனிமே போன்ல உன் குரலைத் தவிர வேற குரல் வரக்கூடாது. சரியா?" சரி என்றேன். இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மத்தியானம் சித்தி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். தினமும் மறப்பாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாப்பிடும்போது சித்தி சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி, தட்டுல பிரேக் இல்லையா?"

"நாளைக்கு அந்த டாக்டரோட சிவப்பு காரு வருது" என்றாள்.

எந்த டாக்டர் என்று கேட்க வேண்டியதில்லை. என் பல்லைக் கட்டியவர்தான். வாரம் முழுக்கப் பிறர் வாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற பந்தயத் தடத்தில் இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் காரைப் பறக்கவிடுகிறவர். நெஞ்சு வரைகூட உயரமில்லாத கார். ஏறுவதற்குப் பதில் உள்ளே விழ வேண்டும்.

"வரட்டுமே. உனக்குப் பிடிச்ச வேலைதானே?"

"முதலாளி டப்பாவை மட்டும் மாத்தச் சொல்றாரு."

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி எல்லாம் காற்றில் போய்விடும். பிரேக் ஆயில் ஒரு விசித்திரமான ஆயில். சும்மா இருந்தாலே காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டு, பந்தயத் தடத்தில் போய்த் திரும்பத் திரும்ப பிரேக் போட்டால், சக்கரத்துக்குப் பக்கத்தில் கொதிக்கிற சூடு வரும். குடித்த தண்ணீர் ஆவியாகும். ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும். அதன் பிறகு வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சுவர்தான் முடிவு செய்யும்.

முழுசாக மாற்றுவதென்றால் நாலு சக்கரத்தையும் கழற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிற ஸ்க்ரூவைத் திறந்து, குழாய்க்குள் இருக்கிற பழசையெல்லாம் வெளியே தள்ள வேண்டும். அந்தச் சிவப்புக் காரில் சக்கரத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. மொத்தம் எட்டு. அரை நாள் வேலை. 'டப்பாவை மட்டும் மாற்றுவது' என்றால், முன்னால் இருக்கிற ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, அதில் உள்ள பழசை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றி மூடுவது. பத்து நிமிடம். பார்த்தால் தேன் மாதிரி இருக்கும். ஈரம் பார்க்கிற பேனா போன்ற கருவி ஒன்று உண்டு. அதையும் டப்பாவில்தான் விடுவார்கள். பச்சை விளக்கு எரியும். உள்ளே குழாயில் நாலு வருடத்துப் பழசு அப்படியே இருக்கும்.

"மாத்திட்டு, முழுசா மாத்தினதா நான் ஷீட்டுல கையெழுத்துப் போடணுமாம்" என்றாள் சித்தி. "மாட்டேன்னேன். 'அப்ப சனிக்கிழமையிலேருந்து வராதே'ன்னுட்டாரு."

"இருபத்திரண்டு வருஷமா வேலை பாத்தவளையா?"

"சீட்டுக்கு ஏது வருஷம்? கிழிச்சாக் கிழிஞ்சிடும்."

"போட்டுத் தொலையேன் சித்தி. ஒரு கையெழுத்துதானே?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. நான் உடனே தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன்.

எனக்கு அவளைப் பற்றிக் கவலை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. வேலை போனால் அவள் நாள் முழுக்க வீட்டில் இருப்பாள். என் சுதந்திரம் என்ன ஆவது? அந்தக் கவலையில்தான் அன்று தூக்கம் வரவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போனேன். சிவப்புக் கார் தூக்கியில் இடுப்பு உயரத்தில் நின்றது. நாலு சக்கரமும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முதலாளி முகமும் காரும் ஒரே நிறத்தில் இருந்தன.

"யாரைக் கேட்டும்மா சக்கரத்தைக் கழட்டுன?"

"சக்கரம் கழட்டாம ஸ்க்ரூ எப்படித் திறக்கறது முதலாளி?"

"ஸ்க்ரூவைத் திறக்கச் சொன்னேனா? நாலு மணிக்கு டெலிவரி. அடுத்த வண்டி வெளிய வெயிட்டிங்ல நிக்குது. டப்பாவை மாத்து, சக்கரத்தைப் போடு, இறக்கு."

"டப்பாவை மாத்தறதுக்கு நான் எதுக்கு? இட்லி மாவு ஊத்தத் தெரிஞ்ச யாரும் செய்வாங்க."

பின்னால் டயர் அண்ணன் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். டயர் வேலை பார்க்கிறவர். பிரேக் ஆயில் மாற்றுகிற வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்க வேண்டும், இன்னொருவர் ஸ்க்ரூவைத் திறந்து மூட வேண்டும். பத்து வருடமாக அமுக்குகிற கால் அவருடையது. முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"நீ போய் குடோன்ல டயரை எண்ணு."

"நேத்துதான் எண்ணினேன் முதலாளி."

"இன்னைக்கும் எண்ணு. யாராவது இவளுக்குப் பெடல் அமுக்கினீங்க, அவளோடயே கிளம்ப வேண்டியதுதான்."

டயர் அண்ணன் சித்தியைப் பார்த்தார். "போங்க அண்ணே" என்றாள் அவள். மற்ற ஏழு தூக்கியில் வேலை பார்த்த அத்தனை பேரும் திடீரென்று தங்கள் வேலையில் மிகவும் மூழ்கிப் போனார்கள். நான் முன்னால் ஓரடி வைத்தேன். "நீ அங்கேயே நில்லு" என்றாள் என்னைப் பார்க்காமலே. ஸ்பானரை எடுத்துப் பின்சக்கரத்து ஸ்க்ரூவில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கால் இல்லாத வேலைக்குக் கை தயாராக இருந்தது. நாலு மணி வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரிந்துதான் இருந்தது.

அப்போதுதான் தற்செயலாகப் பல் டாக்டர் உள்ளே வந்தார். நாலு மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டே காலுக்கு எப்படி வந்தார், எதற்கு வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், மூச்சு வாங்கிக்கொண்டு.

"என் பிரேக்குல என்ன பிரச்சனை?" என்றார்.

"ஒண்ணுமே இல்ல டாக்டர், இப்ப மாத்திடுவோம், நீங்க ஏசி ரூம்ல உக்காருங்க" என்றார் முதலாளி.

சித்தி எழுந்திருக்கவில்லை. "டாக்டர், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பல்லைக் காட்டணும்னு எங்களை எல்லாம் விரட்டுவீங்களே, உங்க வண்டி பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். "மூணு... நாலு இருக்கும்."

"தினமும் பல் தேய்ச்சேன்னு உங்ககிட்ட சொல்றவங்க மூஞ்சியும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். ஒரு கண்ணாடி பாட்டிலில் டியூபை விட்டு, மறுமுனையை ஸ்க்ரூவில் மாட்டி, லேசாகத் திறந்தாள். சொட்டுச் சொட்டாக வந்தது. தேன் இல்லை. மூன்று நாள் கொதிக்க வைத்த டீ. "டப்பாவை மட்டும் மாத்தினா இது உள்ளயே இருக்கும். ஞாயித்துக்கிழமை இதை நம்பித்தான் வளைவுல திரும்பப் போறீங்க."

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை அது; எனக்குத் தெரியும். பிறகு முதலாளியைப் பார்த்தார். "இதை எடுக்க என்ன வேணும்?"

"ஒரு கால் வேணும்" என்றாள் சித்தி. "இங்க இருக்கற காலுக்கெல்லாம் அனுமதி இல்லை."

அவர் தூக்கியை இறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காருக்குள் விழுந்தார். தூக்கி மறுபடி ஏறியது. வெள்ளைச் சட்டையோடு அந்தரத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து மற்ற ஏழு தூக்கிக்காரர்களும் வேலையை விட்டுவிட்டார்கள்.

"அமுக்குங்க. அமுக்குங்க. இன்னொரு தடவை. அப்படியே பிடிங்க." சித்தி ஸ்க்ரூவைத் திறந்தாள். "கால் கீழ இறங்கும். பயப்படாதீங்க. நான் மூடுறேன்னு சொல்ற வரைக்கும் விடாதீங்க."

டாக்டரின் போன் அடித்தது. பெடலை விட்டுவிட்டார். டியூபில் குமிழ் ஒன்று மேலே ஓடியது.

"விட்டுட்டீங்களா?"

"நோயாளி ஒருத்தர்..."

"காத்து உள்ள போயிருச்சு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். 'வாயை மூடாதீங்க, கொஞ்சம் பொறுங்க'ன்னு ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்றீங்க? இப்ப உங்க முறை."

"வலிக்குதும்மா" என்றார் அவர் உள்ளிருந்து, காலைத் தடவிக்கொண்டு.

"கொஞ்சம்தான் வலிக்கும்" என்றாள் சித்தி, அவர் குரலிலேயே. அன்று ஒர்க்‌ஷாப் சிரித்த சிரிப்பில் முதலாளி மட்டும் சேரவில்லை.

டப்பாவிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக நெருங்கி வர வேண்டும். கரும்பழுப்பு, டீ நிறம், வெல்ல நிறம், கடைசியில் தேன். தேன் வந்ததும் மூட வேண்டும். இடையிடையே டப்பா காலியாகாமல் புதுசை ஊற்ற வேண்டும். இந்த ஆயில் பெயின்ட் மேல் பட்டால் பெயின்ட்டையே தின்றுவிடும். அதனால் சொட்டு விழுந்தால் உடனே கழுவ இரண்டாவது சக்கரம் முடிந்ததும் என்னைத் தண்ணீர் வாளி எடுத்துவர அனுப்பினாள். நான் திரும்பி வந்தபோது டாக்டரும் அவளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"என்ன சிரிப்பு?"

"வாளியைக் கீழ வை."

ஏழு ஸ்க்ரூ முடிந்தது. எட்டாவது திரும்பவில்லை. முன்சக்கரத்தின் உள்பக்க ஸ்க்ரூ, துருப்பிடித்துப் போயிருந்தது. முதலாளி அதுவரை பேசாமல் நின்றவர் பக்கத்தில் வந்தார். "ஒடைஞ்சா அந்த செட்டையே மாத்தணும். உன் தலையிலதான் விடியும். ஏழு போதும், மூடு." அது உடைய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்வது அவர் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"ஏழு பல்லைத் தேய்ச்சிட்டு ஒண்ணை விடுவாங்களா?" என்றாள். மேலே துரு இளக்குகிற மருந்தை அடித்தாள். காத்திருந்தாள். சின்ன சுத்தியலால் தட்டினாள். ஓங்கி அடிக்கவில்லை, தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டுவது போல் தட்டினாள். மறுபடி ஸ்பானர். இறுக்குகிற பக்கம் மயிரிழை, திறக்கிற பக்கம் மயிரிழை. கட்டை விரல் வெளுத்தது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சுதந்திரம் போய்விடுமே என்ற கவலைதான்.

'டிக்' என்றது.

"அமுக்குங்க டாக்டர்" என்றாள், ஒன்றுமே நடக்காதது போல்.

இருந்ததிலேயே கறுப்பு அங்கேதான் இருந்தது.

மூன்றே முக்காலுக்குக் கார் தரையில் நின்றது. சித்தி உள்ளே விழுந்து, பெடலை அமுக்கி ஒரு நிமிடம் பிடித்தாள். இறங்கவில்லை. கல் மாதிரி நின்றது. ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அவ்வளவு அழகான கையெழுத்து எங்கிருந்து வந்ததோ.

டாக்டர் காரை நெருங்கும் வரை முதலாளி காத்திருந்தார். "நாளைக்கு..." என்று சித்தியிடம் தொடங்கினார்.

டாக்டர் ஒரு காலைக் காருக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு என் தம்பி வண்டியை அனுப்பறேன். இந்தக் கையெழுத்து இல்லாட்டி நாங்க யாரும் இங்க வண்டியை விட மாட்டோம்." சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே விழுந்தார்.

சனிக்கிழமை சித்தி வழக்கமான நேரத்துக்குப் போனாள். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, "அந்த வெள்ளை வண்டி எப்ப முடியும்னு கேளு" என்று டயர் அண்ணனிடம் சொல்வார். "எட்டும் திறந்ததும் முடியும்னு சொல்லுங்க அண்ணே" என்பாள் சித்தி. டயர் அண்ணன் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். சித்தி தோற்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை, யாருக்கும் நன்றி சொல்லவும் இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

இதோடு முடித்துவிட்டேன். எழுதியதை நேற்று சித்திக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சமையலறைத் தொட்டியில் பிரஷ்ஷால் நகத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பூமி நிற்கிற இடத்தில் மட்டும் சிரித்தாள். முடிந்ததும் குழாயை மூடினாள்.

"டாக்டர் எப்படி வந்தாருன்னு எழுதியிருக்க?"

"தற்செயலா."

பேசாமல் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்ன சித்தி?"

"நீ வாளி எடுக்கப் போனப்ப அவர் சொன்னாரு. காலைல பதினொரு மணிக்கு கார் கம்பெனி தலைமை ஆபீஸ்லேருந்து ஒரு அதிகாரி அம்மா போன் பண்ணாங்களாம். 'ஸார், உங்க பிரேக் ஸிஸ்டம் ஸேஃப் இல்ல ஸார், உடனே ஒர்க்‌ஷாப் போங்க ஸார்'னு. ஒவ்வொரு ஸாருக்கும் ஒரு விசில். 'அந்தப் பல்லு நான் கட்டினதும்மா, என் வேலை எனக்குத் தெரியாதா?'ன்னாரு."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு? ஏன் கேக்கல?"

"இறங்குதான்னு பிடிச்சுப் பாத்துட்டு இருந்தேன். ஒரு மாசமா."

நான் தரையைப் பார்த்தேன். சத்தியம் ஒன்று உடைந்து கிடந்தது. அதை எதற்காக உடைத்தேன் என்பது மட்டும் இன்னும் தாளில் ஏறவில்லை.

சித்தி ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, என் தாள்களை வாங்கி, 'தற்செயலாக' என்ற சொல்லை விரலால் தேடிப் பிடித்தாள். அந்த இடத்தில் ஈரம் பட்டு மை கலைந்தது.

"எல்லாம் பளபளன்னு தேன் மாதிரிதான் இருக்கு" என்றாள். "ஆனா டப்பாவை மட்டும் மாத்தியிருக்கடி நீ. உக்காரு. எட்டாவது ஸ்க்ரூவைத் திற."